டீச்சர் வண்டிக்கு நான் அடித்த இரண்டு டின் கேஸ்

1. வைட்டிலாவிலிருந்து போன்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டேகால் மணிக்கு அந்த போன் வந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு வேனின் டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டு அதற்குள் தலையை விட்டுக் கிடந்தேன். கார் ஏ.சி. மெக்கானிக் ஏப்ரல் மாதத்தில் போன் எடுக்க மாட்டான். எடுத்தால் வேலை நடக்காது. அதனால் ஷாஜிதான் எடுத்தான். ஷாஜி எங்கள் எலெக்ட்ரீஷியன், ஒர்க்ஷாப்பில் பாதிப் பங்கும் அவனுடையது. அவன் பேசுவது மலையாளம், நான் பதில் சொல்வது தென்காசித் தமிழ். இருபது வருடமாக இரண்டு பாஷையிலும் சண்டை போட்டு வருகிறோம்.

"அண்ணாச்சி, ஜெயா டீச்சராணு. வண்டியில புகையாம்!" என்று போனை என் காதில் வைத்து அழுத்தினான்.

டீச்சரின் குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது.

"அண்ணாச்சி, வைட்டிலா பாலத்துக்கு அடியில நிக்கறேன். முன்னாடி பானெட்டுலேர்ந்து டப்னு ஒரு சத்தம். வெள்ளையா புகை வர்றது. எல்லாரும் இறங்கு இறங்குன்னு கத்தறா. நான் இறங்கினா நடக்க முடியாது, கேட்டேளா. கண்ணும் சரியாத் தெரியலை."

"என்ன வாசன வருது டீச்சர்?"

"எண்ணெய் வாசனை. கரிஞ்ச வாசனை இல்லை."

"அப்ப தீ இல்ல. கேஸ்தான் போவுது. இஞ்சின ஆஃப் பண்ணுங்க. நாலு கண்ணாடியையும் இறக்குங்க. யாருகிட்டயாவது ஐஸ் கேளுங்க. நா வந்துட்டே இருக்கேன்."

ஷாஜியின் பைக்கில் வெலிங்டன் தீவு வழியாகக் குண்டன்னூர் பாலம் ஏறி நாங்கள் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. சாதாரணமாக டீச்சர் மேம்பாலத்துக்கு மேலே போகிறவர். அன்று மேலே ஏதோ லாரி பழுதாகி நின்றதால் போலீஸ்காரர்கள் எல்லா வண்டியையும் கீழே திருப்பி விட்டிருந்தார்கள். உச்சி வெயில். வண்டியை நாலு பேர் தள்ளி ஓரத்தில் விட்டிருந்தார்கள். டீச்சரை டிராபிக் போலீஸ்காரரின் குடைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சர்பத் கடையிலிருந்து வாங்கிய ஐஸ் கட்டிகளைக் கைத்துண்டில் சுற்றிக் கழுத்தில் போட்டிருந்தார். புடவையெல்லாம் நனைந்திருந்தது.

நான் நேர் எதிரே போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "யாராக்கும்?" என்றார்.

"நாந்தான் டீச்சர்."

"அண்ணாச்சியா. வந்தேளா."

ஆட்டோவில் ஏற்றி ஷாஜியோடு வீட்டுக்கு அனுப்பினேன். வண்டியை ஒரு ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நான் ஒர்க்ஷாப்புக்கு வந்தேன்.

2. அந்த வண்டியும் அந்த உடம்பும்

இளம் மெக்கானிக்குகள் இதைப் படித்தால், "அந்தம்மா வேற வண்டி வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்பார்கள். நானும் அப்படித்தான் முதலில் கேட்டேன். அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஜெயா டீச்சர் களமசேரியில் ஒரு கல்லூரி வளாகத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அவருக்கு நரம்பில் ஒரு வியாதி. பெயரை இரண்டு தடவை சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. விஷயம் இதுதான்: உடம்பு சூடானால் கண் மங்கும், கால் சொன்னபடி கேட்காது. உடம்பு குளிர்ந்தால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். வண்டி குளிர்ந்திருந்தால் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு ஏ.சி. சொகுசு இல்லை. நமக்குப் பிரேக் எப்படியோ அவருக்கு ஏ.சி. அப்படி.

வண்டி தொண்ணூற்றிரண்டாம் வருட மாடல், அவருடைய அப்பா வாங்கியது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, கம்பெனிமேல் குற்றம் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் ஒருவர் அந்த வண்டிக்குக் கையாலேயே ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் பிடிக்கிற மாதிரி லிவர் வைத்துக் கொடுத்திருந்தார். அதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற ஒன்றரை வருடம் அலைந்தாராம். லிவர் வைத்தவரும் இப்போது இல்லை. புது வண்டி என்றால் அந்த அலைச்சல் முதலிலிருந்து.

"டாக்ஸியில போகக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் போனேன். சிக்னல்ல நின்னா டிரைவர் ஏ.சி.யை அணைச்சுடறான், பெட்ரோல் குடிக்கறதாம். நான் பின்னாடி உக்காந்து கெஞ்சணும். எனக்கு வேண்டாம், என் வண்டி என் கையில இருக்கட்டும்."

அவருக்கு இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் பாக்கி. பாலக்காட்டில் இருக்கிற அவர் அண்ணா, வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து இரு என்று வருடக்கணக்காக நச்சரித்து வருகிறார். இவர் அசையவில்லை.

வண்டியில் இருந்தது பழைய ஆர்-12 கேஸ். ஓசோனைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆயிற்று. இன்று மார்க்கெட்டில் பன்னிரண்டு என்று சொல்லி விற்கிற டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. பழைய கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தீர்ந்திருந்தது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134க்கு மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மார்ச் கடைசியில் வேலையை எடுத்தேன்.

3. கண்ணாடியைப் பார்த்து அடித்தது

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இதை ஜம்பமாகச் சொல்லவில்லை, பின்னால் என் வெட்கம் எவ்வளவு என்று தெரிவதற்காகச் சொல்கிறேன். கம்ப்ரஸரை இறக்கிப் பழைய மினரல் ஆயிலை வடித்தேன். லைன் முழுக்க பிளஷ் அடித்தேன். ஓரிங் எல்லாம் பச்சை ஓரிங்காக மாற்றினேன். ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் புதுசு, எஸ்டர் ஆயில் புதுசு, சார்ஜிங் முனைகள் புதுசு. நைட்ரஜன் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், முள் அசையவில்லை. கொச்சிக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வாக்குவம் ஒன்றரை மணி நேரம் போட்டேன். கடைசியாகப் பாக்கி இருந்தது கேஸ் அடிப்பது ஒன்றுதான்.

பானெட்டுக்கு உள்பக்கம் பழைய ஸ்டிக்கர் இருந்தது: ஆர்-12, எண்ணூறு கிராம். 134க்கு மாற்றும்போது அதில் எண்பது சதவீதம்தான் அடிக்க வேண்டும். அறுநூற்று நாற்பது கிராம். இது எனக்குத் தெரியாததல்ல. வேறு மெக்கானிக்குகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நான் தொழில் பழகியது வெலிங்டன் தீவில், துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷெட்டில். முதலாளியைக் கோயாக்கா என்று கூப்பிடுவோம். பழைய சிஸ்டத்தில் டிரையரின் தலையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உண்டு. கேஸ் குறைவாக இருந்தால் அதில் குமிழ் ஓடும், அளவு சரியானால் குமிழ் நின்று தெளிந்துவிடும். நான் சேர்ந்த முதல் நாள், தராசு எங்கே என்று கேட்டேன். "தராசு மீன்காரனுக்குடா! நமக்குக் கண்ணாடி" என்றார் கோயாக்கா. பன்னிரண்டாம் நம்பர் கேஸுக்கு அது சரிதான். பதினைந்து வருடம் கண்ணாடியைப் பார்த்தே அடித்தேன், ஒன்றும் பிசகியதில்லை. கண்ணாலேயே அளப்பான் என்று எனக்கு ஒரு பெயர் வேறு வந்துவிட்டது. அந்தப் பெயரை நான் ரசித்துக்கொண்டும் இருந்தேன்.

134 அப்படி இல்லை. எஸ்டர் ஆயிலோடு சேர்ந்து கண்ணாடியில் பால் மாதிரி ஓடும். அளவு சரியாக இருந்தாலும் நுரை தெரியும். நுரை போகும்வரை அடித்தால் கேஸ் கூடிப்போகும். இது என் புத்திக்குத் தெரியும், என் கைக்குத் தெரியவில்லை.

அன்று எங்கள் எலெக்ட்ரானிக் தராசில் பேட்டரி தீர்ந்திருந்தது. எதிர்க் கடையில் பேட்டரி கிடைக்கும், முப்பது அடி தூரம். நான் போகவில்லை. நானூற்றைம்பது கிராம் டின் ஒன்று முழுசாகப் போனது. இரண்டாவது டின்னில் நூற்றித் தொண்ணூறு கிராமில் நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியில் நுரை ஓடியது. டின்னைக் கவிழ்த்துப் பிடித்தேன். நுரை மெலிந்தது. இன்னும் கொஞ்சம் என்று வால்வைத் திறந்தே வைத்திருந்தேன்.

ஷாஜி பக்கத்தில் ரிலே மாற்றிக்கொண்டிருந்தான். காலி டின்களைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு டின்னும் கழிஞ்ஞோ?" என்றான்.

"குமிழ் போகாண்டாமா? நீ ஒன் ஒயர் வேலயப் பாரு."

அவன் ரிலே பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது. காலை எட்டு மணி, கடல் காற்று, ஆளில்லாத ரோடு. வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்தேன், ஏழு டிகிரி காட்டியது. டீச்சர் வந்து உட்கார்ந்து கையை வென்ட்டுக்கு நேரே நீட்டி, "அடடா, ஊட்டியாக்கும்" என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

ஓடுகிற வண்டியில் காற்று அடித்து, முன்னால் இருந்து சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரைக் குளிர வைக்கும், அதனால் கேஸ் கூடுதலாக இருந்தாலும் சமாளித்துவிடும். மத்தியான வெயிலில் நின்ற இடத்தில் இருபது நிமிடம் நின்றால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். மூன்று வாரம் அவர் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துகொண்டிருந்தார், மேம்பாலத்துக்கு மேலே. அந்த வியாழக்கிழமைதான் அரை நாள் லீவு போட்டுவிட்டு உச்சி வெயிலில் திரும்பி வந்திருக்கிறார்.

4. பழைய வண்டில்லா

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செய்து கொடுத்த வண்டி திரும்பி வந்தால் முதலில் வண்டியைத் திட்டுவது. "பழைய வண்டில்லா, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எல்லா ஒர்க்ஷாப்பிலும் எல்லா மெக்கானிக்கிடமும் இருக்கிறது. வண்டிக்காரரும் அதை நம்பிவிடுவார், ஏனென்றால் வண்டி பழசுதான்.

வெள்ளிக்கிழமை காலை பானெட்டைத் திறந்தோம். டிரையரின் தலையில் ஒரு சின்ன ஈயப் பிளக் இருக்கும். சூடும் பிரஷரும் எல்லை மீறினால் அது உருகி வழிவிட்டு மொத்த கேஸையும் வெளியே தள்ளிவிடும். அது போயிருந்தது. சுற்றிலும் எண்ணெய் தெறித்திருந்தது. பார்த்த மாத்திரத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஷாஜிக்கும் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கண்டென்சரைக் கழுவிப் பார்த்தபோது கீழ்ப்பக்கம் நாலைந்து வரிசைத் தகடு உப்புக் காற்றில் அரித்துப் பொடியாகியிருந்தது. ஷாஜி அதை விரலால் தொட்டுக் காட்டி, "அண்ணாச்சி, இது பறஞ்ஞால் மதி. நுணையல்லல்லோ" என்றான். இதைச் சொன்னால் போதும், பொய் இல்லையே என்கிறான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான், பாவம்.

அவன் சொன்னது பொய்யும் இல்லை. அரித்த கண்டென்சர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். ஆனால் சரியான அளவு கேஸ் இருந்திருந்தால் அந்தப் பிளக் உருகியிருக்காது. பத்து மணிக்கு டீச்சருக்கு நானே போன் பண்ணினேன்.

"கண்டென்சர் துருப் பிடிச்சிருக்கு டீச்சர். பழைய வண்டில்லா."

"சரி அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அன்று மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். நாளைக்கு வீட்டுக்கு வர முடியுமா, ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார்.

5. ஞாயிற்றுக்கிழமை

அவர் வீட்டுக் கூடத்தில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கண் தெளிந்திருந்தது, நான் படியேறும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பைல் இருந்தது. எனக்குச் சாயா கொடுத்துவிட்டு அந்த பைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வாலண்டரி ரிட்டயர்மென்ட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போறேன். அண்ணா ஜெயிச்சுட்டார். வண்டியை உடைச்சுப் பொளிக்கறதுக்கு எடுக்கறவா யாராவது தெரியுமோ உங்களுக்கு? நல்லவாளாப் பார்த்து சொல்லுங்கோ, அந்த லிவரை மட்டும் வேற யாருக்காவது உபயோகப்படற மாதிரி கொடுக்கணும்."

நான் சாயா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பாடுபட்டேள், எனக்குத் தெரியும். உங்க மேல குத்தம் ஒண்ணும் இல்லை. வண்டிக்கு வயசாயாச்சு, என் உடம்புக்கும் வயசாயாச்சு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கோ, மனசு சமாதானமாகும். இனிமே இந்த வண்டி ஏ.சி.யைத் தாங்காது, இல்லையா?"

தாங்காது டீச்சர் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். கோயாக்காவின் ஷெட்டிலிருந்து இன்றுவரை அப்படி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் காருக்குச் சொன்னது. இது அவருடைய ஆறு வருடத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"வண்டி தாங்கும் டீச்சர்."

"என்னது?"

"வண்டிமேல தப்பு இல்ல. நாந்தான் கேஸக் கூட அடிச்சிட்டேன். அறநூத்தி நாப்பது கிராம் அடிக்கணும். தொள்ளாயிரம் அடிச்சேன். தராசுல வைக்கல. கண்ணால பாத்து அடிச்சேன்."

"வெள்ளிக்கிழமை கண்டென்சர்னு சொன்னேளே?"

"சொன்னேன்."

"தெரிஞ்சுண்டே சொன்னேளா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் குரல் உயர்ந்தது. அந்த மாதிரி அவர் பேசி நான் கேட்டதில்லை.

"என் லேப்ல ஒரு பொண்ணு கண்ணால பார்த்து அளந்தான்னா அவளை நான் வெளியில நிறுத்துவேன். மில்லிகிராம் கணக்காக்கும் நாங்க! தராசு இருந்ததோல்லியோ உங்ககிட்ட?"

"இருந்துச்சு. பேட்டரி இல்ல."

"பேட்டரி இல்லையாம்! நான் அந்த நாற்காலியில ஐஸைக் கட்டிண்டு உக்காந்து என்ன நினைச்சேன் தெரியுமோ? தீர்ந்தது, என் உடம்பு இனி ஆகாதுன்னு நினைச்சேன். மூணு நாளா அண்ணாகிட்ட போன்ல அழுதிண்டிருக்கேன். நீங்க ஒர்க்ஷாப்ல சாயா குடிச்சிண்டு இருந்தேள்."

"ஆமா டீச்சர்."

காலில் விழட்டுமா என்று கேட்டால் அது நாடகம். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அறுபத்தொரு வயதில் ஒரு வாத்தியாரம்மா முன்னால் அடி வாங்கிய பையனாக உட்கார்ந்திருந்தது அன்றுதான். நியாயமான அடி.

அவர் பைலை எடுத்து மேஜையின் மறுபக்கம் வைத்தார். கிழிக்கவில்லை, மூடவும் இல்லை. தள்ளி வைத்தார், அவ்வளவுதான்.

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள். கண்டென்சர் புதுசு போட்டு, முன்னால எலெக்ட்ரிக் ஃபேன் ஒண்ணு போடுதேன். பிரஷர் ஏறினா கம்ப்ரஸர் தானா நிக்கிற மாதிரி சுவிட்ச் வைக்கேன். அது மொதல்லயே வச்சிருக்கணும். அதுவும் என் தப்புதான்."

"எடை போடறதை நான் கண்ணால பார்க்கணும்."

"வாங்க."

"வெயில் ஏறறதுக்கு முன்னாடி வர்றேன், ஏழு மணிக்கு. இந்தப் பேப்பர் இங்கேயே இருக்கும். புதன்கிழமை வரைக்கும் லீவு போடறேன். அதுக்கப்புறம் பார்க்கலாம்."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்டூலைத் தராசுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். தராசில் சிலிண்டரை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தி வால்வைத் திறந்தேன். கேஸ் போகப் போக, போன அளவு எண்ணாக ஏறியது. அவர் வாய்க்குள் முணுமுணுத்து எண்ணிக்கொண்டே வந்தார். அறுநூறு தாண்டியதும் நான் என்னையறியாமல் டிரையர் கண்ணாடியை எட்டிப் பார்த்தேன். பால் நுரை ஓடிக்கொண்டிருந்தது. கை துறுதுறுவென்றது.

"அங்கே என்ன பார்வை? இங்கே பாருங்கோ" என்றார் டீச்சர். "அறநூத்தி முப்பத்தஞ்சு. எட்டு. நிறுத்துங்கோ!"

நிறுத்தினேன். நுரை அப்படியே இருந்தது. ஷாஜி திரும்பி நின்று சிரித்தான், அவனுக்கு இது திருவிழா.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல வேண்டியது இரண்டு. பழைய வண்டியை மாற்றும்போது கண்ணை நம்பாதீர்கள், எடை போடுங்கள், போட்ட எடையை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது, கேஸ் கூடிப்போனால் அரை மணி நேரத்தில் இறக்கிவிடலாம். கூடிப்போனதைச் சொல்லாமல் இருந்தால் அதை இறக்க மெஷின் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவர் திங்கட்கிழமை எழுதிக் கொடுப்பதாக இருந்தார். ஒரே ஒரு நாள்தான் இடைவெளி.

6. உச்சி வெயிலில்

சோதனை ஓட்டம் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். டீச்சர் கேட்கவில்லை.

"பன்னெண்டு மணிக்குப் போகலாம். வைட்டிலா பாலத்துக்கு அடியில. எங்கே விழுந்ததோ அங்கேதான் பார்க்கணும்."

அவர் ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில், ஷாஜி பின்னால். கண் மங்கினால் உடனே ஓரம் கட்டிவிட வேண்டும், மீதியை ஷாஜி ஓட்டுவான் என்று பேச்சு. குண்டன்னூர் தாண்டினோம். வென்ட்டில் தெர்மாமீட்டர் எட்டு டிகிரி காட்டியது. வேண்டுமென்றே மேம்பாலத்தை விட்டுக் கீழ் ரோட்டில் இறங்கினார்.

எதிர்பார்த்தபடியே ஜாம். முன்னால் பஸ், பின்னால் தண்ணீர் லாரி, இரண்டு பக்கமும் ஆட்டோ. வெளியே அனல். ஒரு சிக்னல் விழுந்து எழுந்தது, நாங்கள் நகரவில்லை. தெர்மாமீட்டர் ஒன்பதுக்கு வந்தது. இரண்டாவது சிக்னல். பத்து. பத்தரை. எலெக்ட்ரிக் ஃபேன் ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு குளிரிலும் என் சட்டை முதுகில் ஒட்டியது. பதினொன்று. அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், பதினொன்றைத் தாண்டவில்லை.

டீச்சரை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் ஒரு கையை லிவரிலும் ஒரு கையை ஸ்டியரிங்கிலும் வைத்து ரோட்டைப் பார்த்திருந்தார்.

வண்டிகளுக்கு நடுவே ஒரு லாட்டரிக்காரர் நெஞ்சில் பலகையை மாட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட்டுகளை வரிசை வரிசையாகக் கிளிப் போட்டிருந்தார். டீச்சர் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்று பலகையைக் காட்டினார். டீச்சர் தலையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, மேலேர்ந்து ரெண்டாவது வரி. இடது பக்கம் மூணாவது. நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு, ஒன்பது, அஞ்சு. சரிதானான்னு பாருங்கோ."

எனக்கு வெறுங்கண்ணில் பலகை மட்டும்தான் தெரிந்தது. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். ஷாஜி பின் சீட்டிலிருந்து எக்கி, ஜன்னல் கண்ணாடியை இறக்கப் போனான்.

"இறக்காதே! குளிர் போயிடும்" என்று டீச்சர் அதட்டினார்.

ஷாஜி சைகை காட்ட, லாட்டரிக்காரர் அந்த டிக்கெட்டை மட்டும் உருவி ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறுக்கே சாய்ந்து படித்தேன். நாலு, ஏழு, ரெண்டு. ஒண்ணு, ஒன்பது, அஞ்சு. அடுத்த நிமிடம் எனக்கு அழுகை வந்துவிட்டது. தெர்மாமீட்டரைச் சரி செய்கிற சாக்கில் டேஷ்போர்டுப் பக்கம் குனிந்துகொண்டேன். அழுததை டீச்சர் கவனித்திருப்பார்.

லாட்டரிக்காரர் இன்னும் டிக்கெட்டை எடுக்காமல் நின்றார்.

"எடுத்துக்கிடட்டுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "படிச்சாச்சோல்லியோ, அது போறும்."